டிரைவர் தாத்தாவும் நாலு டன் இரும்பும்

பொள்ளாச்சி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இளநீர். செவ்வாய், வியாழன் மாட்டுச் சந்தை. சினிமாவில் ஹீரோவும் ஹீரோயினும் சுற்றிச் சுற்றி வந்த தென்னை மரம். நியாயம்தான். ஆனால், அதே பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் நாலு டன் இரும்பு, முப்பத்தெட்டு வருஷம் தூங்கிவிட்டு இப்போது சோம்பல் முறித்துக்கொண்டிருக்கிறது.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஆனைமலை போகிற டவுன் பஸ்ஸில் ஏறவேண்டும். ஜன்னலோர ஸீட் கிடைத்தால் பாக்கியம். இரண்டு பக்கமும் தென்னை, நடுநடுவே ஆழியாற்றுத் தண்ணீர் பாய்கிற நெல் வயல், தூரத்தில் நீலமாக மலை. எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமையானால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு மோர் கரைத்தே அந்த வீட்டு ஆத்தா களைத்துப் போயிருக்கிறார். ஊருக்குள் "ரைஸ்மில்காரர் வீடு" என்று கேட்டால் போதும். மில் ஓடி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பெயர் மட்டும் இன்னும் ஓடுகிறது.

கொட்டகைக்குள் நுழைந்ததும், தண்டவாளத்தை விட்டு வழி தவறி வந்த ரயில் என்ஜினோ என்றுதான் தோன்றும். படுக்கை வாட்டத்தில் ஒரே ஒரு சிலிண்டர். கோயில் உண்டியல் சைஸில் ஒரு பிஸ்டன். பக்கத்தில் ப்ளைவீல். பாதிச் சக்கரம் தரைக் குழிக்குள் இருக்கிறது, மிச்சப் பாதியே என் இடுப்புக்கு மேலே வந்து நிற்கிறது! உடம்பில் ஒரு பித்தளைத் தகடு: 'ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி லிமிடெட், லிங்கன், இங்கிலாந்து.' புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. தேய்த்தது ஆத்தாதானாம். "எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர் அது ஒண்ணுதானுங்க" என்கிறார்.

இங்கிலாந்துக்காரருக்கு ஆனைமலையடிவாரத்தில் என்ன வேலை? கொஞ்சம் சரித்திரம் பார்த்துவிடலாம், பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

டீசல் என்ஜின் என்றால் ருடால்ஃப் டீசல் என்று நாம் படித்திருக்கிறோம். அவருடைய என்ஜின் ஜெர்மனியில் உருப்படியாக ஓடிக் காட்டியது 1897-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1892-ல், ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்பவரின் யோசனையை வைத்து இங்கிலாந்தில் கிராந்தம் ஊர் ஹார்ன்ஸ்பி கம்பெனி ஆயில் என்ஜின் தயாரித்து விற்க ஆரம்பித்துவிட்டது. ஒரே வித்தியாசம், அதைக் கிளப்புவதற்கு முன் தலைப்பகுதியில் இருக்கும் குமிழை விளக்கு வைத்துச் சுடச்சுடக் காய்ச்ச வேண்டும். 1918-ல் ஹார்ன்ஸ்பியும், லிங்கன் ஊர் ரஸ்டன் ப்ராக்டர் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தார்கள். முதல் உலகப் போரில் 'ஸாப்வித் கேமல்' சண்டை விமானங்களை நூற்றுக்கணக்கில் கட்டித் தள்ளிய அதே ரஸ்டன்தான். பிறகு வந்த மாடல்களில் குமிழ் காய்ச்சும் வேலையெல்லாம் இல்லை. நம் கொட்டகைக்காரர் அந்த ரகம்.

நம்ம ஊரில் 1900-களின் தொடக்கத்தில், சென்னை கலைப்பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர், கிணற்றில் ஆயில் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்கலாம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். கவலை ஏற்றத்தில் மாடு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்புறம் ரைஸ் மில்கள் வந்தன. உலக்கை பிடித்த பெண்களுக்கு ஒரு பக்கம் நிம்மதி, நெல் குத்தியே பிழைத்த பெண்களுக்கு மறுபக்கம் கூலி போச்சு. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் கோயமுத்தூரைத் தொட்டது என்றாலும், கம்பி எல்லாக் கிராமத்துக்கும் உடனே வந்துவிடவில்லை. அதுவரை கிராமத்து மில்லை ஓட்டியது இந்த மாதிரி இரும்பு யானைகள்தான்.

நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆக, நிமிடத்துக்கு 150 'டுப்'. அந்தச் சத்தம்தான் சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கடிகாரம். "டுப் டுப் கேட்டா ஒம்போது மணி, நின்னா பொழுது சாஞ்சிருச்சுன்னு அர்த்தம். எங்கூட்டுல அன்னிக்குக் கடியாரமே கெடையாது" என்கிறார் ஆத்தா.

இந்த என்ஜினை ஆத்தாவின் மாமனார் 1951-ல் செகண்ட்ஹாண்டில் வாங்கி, மாட்டு வண்டிகளில் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். 1974-ல் கரண்ட் மோட்டார் வந்தது. அதன் பிறகு பவர்கட் நாட்களில் மட்டும் என்ஜினுக்கு டியூட்டி. 1986-ல் அதுவும் நின்றது. சில வருஷத்தில் புது ரக மில்கள் வந்து, இந்த மில்லே நின்றது.

ஆத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவர் விவசாயம். நடுவுள்ளவர் பாங்க் ஆபீஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் அவருக்கு 'நடுவர்' என்று பெயர், மற்ற இருவரும் முறைத்துக்கொண்டால் பார்க்கிற உத்தியோகமும் அதுதான். சின்னவருக்குத் திருப்பூரில் பனியன் வியாபாரம். பாகப் பிரிவினையில் தோப்பு, வயல், கிணறு, கறவை மாடு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தார்கள். என்ஜினை என்ன செய்வது? ஆளுக்கு ஒண்ணேகால் டன்னாக அறுக்கவா முடியும்? 'பொது' என்று எழுதிக் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். பொதுச் சொத்து என்ன ஆகும் என்பதுதான் நமக்குத் தெரியுமே! ப்ளைவீல் குழியில் கோழி முட்டை வைத்தது. பித்தளைச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கால் முளைத்து நடந்துபோயின. தேங்காய் மட்டை மேலே மேலே ஏறி, என்ஜின் இருக்கிற இடமே மறந்துபோனது.

மூன்று வருஷத்துக்கு முன் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்தார். கிலோ கணக்கில் போட்டு, ஒன்றேகால் லட்சம் என்றார். மூன்றாகப் பிரிக்கச் சுலபமான தொகை. அண்ணன் தம்பிகள் தலையாட்டிவிட்டார்கள். கேஸ் கட்டரோடு ஆள் வரவேண்டியதுதான் பாக்கி.

ஆட்டாதவர் ஒருவர் உண்டு. நடுவரின் மகள். மெக்கானிக்கல் படித்துவிட்டு, கோயமுத்தூரில் பம்ப் டிஸைன் செய்கிற வேலை. வீட்டில் 'பாப்பா.' கம்ப்யூட்டர் திரையில் மட்டுமே என்ஜினை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண், தேங்காய் மட்டையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். "பெரியப்பா, இதை எப்படி ஸ்டார்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தினம் தினம் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை! சொந்தக்காரர்கள் மூன்று பேர், ஓட்டத் தெரிந்தவர் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லை.

"டிரைவரண்ணனுக்குத்தான் தெரியும்" என்றார் பெரியவர், கொஞ்சம் இறங்கின குரலில்.

குரல் இறங்கியதற்குக் காரணம் உண்டு. டிரைவர் என்றால் கார் டிரைவர் இல்லை, என்ஜின் டிரைவர். 1961-ல் பதினேழு வயதில் எண்ணெய் போடுகிற பையனாக மில்லுக்கு வந்தவர். என்ஜினின் இருமல், தும்மல் எல்லாம் அத்துப்படி. மோட்டார் வந்ததும் அவர் சம்பளம் பாதியானது. 1986-ல் அந்தப் பாதியும் நின்றது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு, எங்கோ ஸ்பின்னிங் மில்லில் கூலிக்குப் போய்ச் சேர்ந்தார். மூன்று மைல் தள்ளித்தான் வீடு. அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதி ஆள்வசம் கொடுத்தனுப்பியதோடு சரி.

இப்போது போய் எந்த முகத்தோடு நிற்பது? பெரியவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார்:

"திண்ணையில உக்காந்திருந்தாருங்க. காது மந்தம். என்ஜின் சத்தத்துல போன காது. எங்கப்பன் காலத்து மில்லுல போன காதுங்க அது. நான் ஏதேதோ சொல்றேன், அவரு பேசவே மாட்டேங்கறாரு. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'பெரிய தம்பி, ஏர் பாட்டிலை வித்துட்டீங்களா, இருக்குதா?' அவ்வளவுதானுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

மறுநாளே இரும்பு வியாபாரியிடம் 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல் வேலை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் பெரியவர் மகன் சனி ராத்திரி பஸ் ஏறுவான், திங்கள் காலை கை இடுக்கில் கிரீஸோடு ஆபீஸில் நிற்பான். மானேஜர் ஒருமுறை, "கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க, "குடும்பப் பிரச்னை சார்" என்றானாம். பொய்யில்லையே!

முதல் பிரச்னை, பிஸ்டன். துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. சின்னவர் பெரிய சம்மட்டியோடு வந்து சேர்ந்தார். டிரைவர் தாத்தா குறுக்கே நின்றுவிட்டார். "வார்ப்பிரும்பு ரோசக்காரன் தம்பி. அடிச்சா ஒடைவான், வளைய மாட்டான்." சிலிண்டருக்குள் டீசலும் பழைய கியர் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை, பதினோரு வாரம்! பிறகு ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் முகத்தில் மரக்கட்டை வைத்து, ஹெட் போல்ட்டுகளில் தடித்த இரும்புப் பட்டை ஒன்றை மாட்டி, இரண்டுக்கும் நடுவே லாரி ஜாக்கி. தினம் காலையில் ஒரு சின்ன முறுக்கு, அவ்வளவுதான். ஆறாம் நாள் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு நூல் நகர்ந்திருந்தது. ஆத்தா அன்றைக்குப் பால்பாயசம் வைத்தார்.

அடுத்து, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தண்ணீர்க் கூட்டில் ஒரு விரிசல். குளிர் நாடுகளில் உள்ளே தண்ணீர் உறைந்து, பனிக்கட்டி விரிந்து, இரும்பு பிளக்கும். பொள்ளாச்சியில் பனிக்கட்டிக்கு எங்கே போக? தாத்தாவே விளக்கினார்: கடைசி வருஷம் யாரோ ஒரு புது ஆள் தண்ணீர் விடாமல் ஓட்டி, என்ஜின் கொதித்ததும் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். சூட்டில் இருக்கும் கண்ணாடி டம்ளரில் ஐஸ் வாட்டர் விட்ட கதை. இதற்கு வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும் அபாயம் உண்டு. அதனால் விரிசல் நெடுகத் துளை போட்டு, உலோகப் பூட்டுகளை இறக்கி, துணி தைக்கிற மாதிரியே தைப்பார்கள். 'ஸ்டிச்சிங்' என்றே பெயர். கோயமுத்தூரில் இதற்கு ஆள் உண்டு. அந்த ஊர் லேத் பட்டறையில் கிடைக்காதது ஏதாவது உண்டா என்ன? பிஸ்டன் ரிங்குகளையும் அளவு கொடுத்துப் புதிதாகக் கடைந்து வாங்கினார்கள். நடந்துபோன பித்தளைச் சாமான்களில் ஒன்றான சொட்டு எண்ணெய்க் கிண்ணத்துக்கு அண்ணன் தம்பி இருவர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நாலு ஞாயிறு தவம் கிடந்தார்கள். கிடைத்தது. பேரம் பேசிய நடுவர், "இது எங்கூட்டுதே மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லப்போக, கடைக்காரர் முறைத்த முறைப்பில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஏர் பாட்டில் விஷயத்தில்தான் பெரிய ரகளை. இந்த சைஸ் என்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. ப்ளைவீலைச் சரியான இடத்தில் நிறுத்தி, இரும்பு பாட்டிலில் அடைத்துவைத்த காற்றை ஒரு கணம் திறந்துவிட வேண்டும். அது பிஸ்டனைப் பிடித்துத் தள்ளும். கார் டயரில் இருப்பதைப்போல ஏழெட்டு மடங்கு அழுத்தம். பழைய பாட்டிலே போதும் என்றார் தாத்தா. "டெஸ்ட் பண்ணாம தொட விடமாட்டேன்" என்றாள் பாப்பா. இரண்டு ஞாயிறு பேச்சுவார்த்தை முறிவு! கடைசியில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். அடித் தையலில் பிசுபிசுவென்று கசிந்தது. காற்றாக இருந்தால் கொட்டகைக் கூரை ஆனைமலைக்குப் போயிருக்கும். தாத்தா அவள் தலையில் கை வைத்து, "கண்ணு, நீ சொன்னதுதான் சரி" என்றார். புது பாட்டில் வந்தது. அன்றிலிருந்து தாத்தா சொல்லச் சொல்ல அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறாள். எந்த வால்வு முதலில், எந்த நட்டு எத்தனை திருகு, எந்தப் புகைக்கு என்ன வியாதி... கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது சுமை அதிகம். வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலம் என்றால் என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. மூன்று நோட்டு முடிந்து நாலாவது ஓடுகிறது.

நான் போயிருந்தது மூன்றாவது முயற்சி நாள். முதல் முயற்சியில் காற்று முழுக்கக் காலியானதுதான் மிச்சம். இரண்டாவதில் ஒரே ஒரு 'டுப்', அப்புறம் மௌனம். வேடிக்கை பார்த்தவர்கள் வெள்ளைச் சட்டை எல்லாம் கரி.

அன்றைக்கு எல்லாரும் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார்கள்.

சின்னவர் கற்பூரம் காட்டினார். இரண்டு பேர் கடப்பாரை கொடுத்து ப்ளைவீலைத் தள்ளி, சாக்பீஸ் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்க் கிண்ணங்கள் சொட்ட ஆரம்பித்தன. டிரைவர் தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். காது கேட்காதே, எப்படி என்ஜினைக் கவனிப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலது உள்ளங்கையை என்ஜின் உடம்பில் பதித்துக்கொண்டார். அவருக்கு அதுதான் காது. இடது கையால் பாப்பாவுக்கு ஜாடை காட்டினார். அவள் ஏர் லீவரை இழுத்து, விட்டாள்.

புஸ்ஸ்ஸ்... ஒரு பெருமூச்சு. ப்ளைவீல் நகர்ந்தது. ஒரு சுற்று. இரண்டு. போச்சு, நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது...

டுப்!

கூரைத் தகரம் அதிர்ந்தது. பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. டுப்... டுப்... டுப்... கால் வழியாக ஏறி நெஞ்சுக்குள் அடிக்கிறது சத்தம். நம் இதயத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இன்னொரு இதயம். ஆத்தா வாசலில் நின்றபடியே கைகூப்பினார். சந்தோஷத்தில் சின்னவர் யாரையோ கட்டிப்பிடித்தார். அது நான்.

பதினோரு நிமிடம் ஓடியிருக்கும். தாத்தா சட்டென்று குனிந்து மெயின் பேரிங்கின் மேல் கை வைத்தார். முகம் மாறியது. "நிறுத்து!"

டீசல் அடைக்கப்பட்டது. ப்ளைவீல் மனசில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றது. எல்லாருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. பெங்களூர்ப் பையன், "நல்லாத்தானே தாத்தா ஓடுச்சு?" என்றான்.

"பேரிங் மேல கைய வெச்சுப் பத்து எண்ண முடியோணும். நாலு எண்ணறதுக்குள்ள சுடுது. இன்னும் அஞ்சு நிமிசம் விட்டா ஒயிட் மெட்டல் உருகி ஓடிரும். ஓடறப்ப நிறுத்தத் தெரிஞ்சவன்தான் டிரைவரு." சொல்லிவிட்டு அமைதியாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சூடு ஆறும்வரை காபி வந்தது. நடுவர் தன் கணக்கு நோட்டைக் காட்டினார். இதுவரை செலவு இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம். இரும்பாக விற்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். "பாங்க்ல எவனாவது இப்படி லோன் கேட்டு வந்திருந்தா நானே துரத்தியிருப்பேன்" என்று சிரித்தார். நோட்டின் முதல் பக்கத்தில் 'பங்கு: 3' என்று எழுதி அடித்து, 'பங்கு: 4' என்று திருத்தியிருந்தது. நாலாவது யார் என்று நான் கேட்கவில்லை. பெரியவர் அப்போது டிரைவர் தாத்தாவுக்கு டவராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கெதுக்குங்க பங்கு?" என்றார் தாத்தா. காது மந்தம் என்றார்களே, இது மட்டும் எப்படிக் கேட்டதோ! "எம்பது வயசாச்சு. இரும்பு கெட்டுப் போகாதுங்க, எண்ணெய் விட்டா இன்னும் நூறு வருசம் இருக்கும். அதைத் தெரிஞ்சவன்தான் கெட்டுப் போறவன். நான் இருக்கையிலயே இந்தப் புள்ளை கத்துக்கோணும். அதான் கணக்கு."

தை அறுவடையில் ஒரு மூட்டை நெல்லாவது இந்த என்ஜினில் அரைத்துப் பொங்கல் வைக்கவேண்டும் என்பது ஆத்தாவின் ஆசை. மில் சாமான்கள் பாதி இன்னும் மட்டைக்கடியில்தான் கிடக்கின்றன. அதற்கும் ஒரு நோட்டுப் போட்டாகிவிட்டது.

காபி முடிந்தது. பாப்பா எழுந்துபோய் பேரிங் மேல் கை வைத்தாள். உதடு அசைய ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்து வந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறிருச்சு தாத்தா."

"அப்பக் கழட்டு" என்றார் டிரைவர் தாத்தா.